கெடங்குத் தண்ணீர்

அந்த ஊரில் பருப்பு வேகாது. வேலையில் சேர்ந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு அடுப்பில் வைத்த துவரம்பருப்பு எட்டரை மணிக்கும் விதை விதையாகக் கிடந்தது. சோறு மஞ்சளாக வடிந்தது. தலைக்கு ஊற்றினால் முடி தேங்காய் நார் போலச் சிக்குப் பிடித்தது. வாடகைக்கு இடம் கொடுத்த அம்மாளிடம் போய்க் கேட்டேன்.

"கெணத்துத் தண்ணியவா ஊத்துனிய?" என்று அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அத ஆடு மாடே மோந்து பாத்துட்டுப் போயிரும் டீச்சர். குடிக்க, பொங்க எல்லாத்துக்கும் கெடங்குத் தண்ணிதான்."

நான் தாமிரபரணிக் கரையில் ஒரு பெருமாள் கோயில் ஊரில் பிறந்தவள். வாசலிலிருந்து நாற்பது அடி எடுத்து வைத்தால் படித்துறை. தண்ணீர் என்பது இறங்கி அள்ளுவது, அவ்வளவுதான். ஆசிரியப் பயிற்சி முடித்ததும் எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, விளாத்திகுளத்திலிருந்து கடலைப் பார்த்துப் போகும் ரோட்டில், கரிசல் காட்டுக்குள் ஒரு தொடக்கப் பள்ளியில். அப்பா, ஊரில் நம்மவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். அம்மா, "ஜலம் எப்படியிருக்குமோ" என்றாள். அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி என்று பருப்புப் பானையைப் பார்த்தபோது தெரிந்தது.

கெடங்கு என்று அவர்கள் சொன்னது ஊருக்கு வடக்கே, கடைசி வரிசை வீடுகளின் முதுகுக்குப் பின்னால் இருந்த சுண்ணாம்புக்கல் குவாரி. நாலு பனை ஆழம் என்றார்கள். ஒரு கம்பெனி பத்துப் பன்னிரண்டு வருஷம் அதில் கல் வெட்டியது. தோண்டத் தோண்ட ஊற்று பொங்கியது. அதை இறைப்பதற்கு வடகரையில் பம்பு வைத்தார்கள். ராவும் பகலும் அது ஓடியதில் முதலில் ஊர்க் கிணறுகள் வற்றின. பிறகு ஒரு கோடையில், வற்றிய கிணறுகளில் மறுபடியும் தண்ணீர் ஏறியது. ஊரே ஓடிப்போய்ப் பார்த்ததாம். வாயில் வைத்தால் உப்பு. மூன்று மைல் தள்ளியிருந்த கடல், இறைத்த இடத்தை நிரப்ப மண்ணுக்கடியிலேயே வந்துவிட்டிருந்தது.

நல்ல கல் தீர்ந்ததும் கம்பெனி பம்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. குழியை மூடவில்லை, வேலியும் போடவில்லை. குழியில் பாதிவரை தண்ணீர் ஏறி நின்றது. மழைத் தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். அதனால் மேலே நல்ல தண்ணீர் ஒரு பாய் விரித்த மாதிரித் தங்கும், உப்பு அடியில் கிடக்கும். குடத்தை முக்கக் கூடாது. சாய்த்து மேலாக்க அள்ள வேண்டும்.

இது தெரியாமல் நான் முதல்நாள் குடத்தை முக்கினேன். மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏளா, யாரு அது? ஊரு குடிக்கிற தண்ணியக் கலக்குறது?"

நிமிர்ந்து பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், இடுப்பில் கையை வைத்து நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "ஓ, டீச்சரா?" என்றாள். "டீச்சரா இருந்தாலும் முக்கக் கூடாது. ஒங்களுக்கு வேணும்னா ஆள் வச்சுக் கொண்டாரச் சொல்லுங்க."

"நானே எடுத்துக்கறேன்" என்றேன். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கும் என்மேல் நல்ல அபிப்பிராயம் ஏற்படவில்லை.

ஊர் முழுக்க அவளை மைனி என்றே கூப்பிட்டது. மதினி என்பதன் அந்தப் பக்கத்து உச்சரிப்பு. குவாரி ஓடிய காலமெல்லாம் அவள் அதில் கல் உடைத்தவள், சுமந்தவள். அவளுடைய வீடு கடைசி வரிசையில், கெடங்கின் தென்விளிம்பிலிருந்து பத்தடிகூட இல்லை. மகன் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்தான். வீட்டில் அவளும் மருமகளும்தான். அந்த ஐப்பசியில் மருமகளுக்கு ஏழாம் மாதம்.

மைனிக்கு ஓயாத ஒரு கவலை இருந்தது. கெடங்குக்கு மேற்கே ஓர் ஓடை உண்டு. மழைக்காலத்தில் மட்டும் ஓடும். அது போன வழியில்தான் கம்பெனி குழியைத் தோண்டியது. அதனால் குறுக்கே ஒரு மண்கரை போட்டு ஓடையை வளைத்து வேறு பக்கம் விட்டிருந்தார்கள். கம்பெனி இருந்தவரை வருஷா வருஷம் கரைக்கு மண் போட்டார்கள். போன பிறகு யாரும் போடவில்லை. கரிசல் மண் கோடையில் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் களியாக வழியும். கரை வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே வந்தது. நாங்கள் தண்ணீருக்கு இறங்கும் பழைய லாரித் தடம் அந்தக் கரைக்கு நேர் கீழே, மேற்குச் சுவரில் சரிந்து இறங்கியது.

"கரை போச்சுன்னா ஓடை மொத்தமும் தடத்து வழியாத்தான் எறங்கும்" என்று மைனி பஞ்சாயத்துத் தலைவரிடம் என் எதிரிலேயே சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றுவது பற்றிப் பேச அவர் வந்திருந்தார்.

"கரை கம்பெனிக்காரன் போட்டது. பஞ்சாயத்துல கை வைக்க முடியுமா?" என்றார் அவர்.

"கம்பெனிக்காரன் எங்கன இருக்கான்?"

"அதுக்கு நான் என்ன செய்ய?"

மைனி என்னைப் பார்த்தாள். நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். புதிதாக வேலைக்கு வந்தவள், ஊர் விவகாரத்தில் எனக்கென்ன என்று நினைத்தேன். அதன் பிறகு மைனி தானே மண்வெட்டியும் கூடையும் எடுத்துப் போய்க் கரையில் மண் போட்டுக்கொண்டிருப்பதை இரண்டு மூன்று முறை பார்த்தேன். உதவிக்கு ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை.

ஐப்பசி கடைசியில் மூன்று நாள் அடைமழை பெய்தது. சனிக்கிழமை காலை வெறித்து வெயில் அடித்தது. கூரைத் தண்ணீர் பிடித்து வைத்தது கஷாயம் போலிருந்ததால் குடத்தை எடுத்துக்கொண்டு கெடங்குக்குக் கிளம்பினேன். வழியில் மைனியின் மருமகள் நின்றாள், இடுப்பில் ஓர் அலுமினியக் குடம்.

"நீ ஏன் வாறே? குடத்தைக் குடு, நான் கொண்டுவரேன்" என்றேன்.

"சும்மா இருந்தா காலு வீங்குது டீச்சர். அத்தையும் விடியக்கருக்கல்லயே மம்பட்டியத் தூக்கிட்டு கரையப் பாக்கப் போயிட்டாவ. வீட்ல பொட்டுத் தண்ணி இல்ல."

இரண்டு பேரும் தடத்தில் இறங்கினோம். தரை சதசதவென்று வழுக்கியது. கீழே, தடம் முடிகிற இடத்தில் அகலமான ஒரு கல்தட்டு உண்டு. அதில் நின்றுதான் அள்ளுவோம். வழக்கமாகப் பத்துப் பெண்களாவது நிற்பார்கள். அன்று எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் வைத்துவிட்டுப் போன இரண்டு காலிக் குடங்கள் தட்டில் கிடந்தன.

நான் குனிந்து குடத்தைச் சாய்த்தேன். அப்போது மேலே லாரி வருகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இந்தத் தடத்தில் லாரி வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

தடத்தின் தலைப்பில் மைனி நின்று மண்வெட்டியை ஆட்டினாள். "ஏளா! குடத்தப் போட்டுட்டு ஏறு! கரை போச்சு! டீச்சர், ஏறுங்க!"

மருமகள் குடத்தைப் போடவில்லை. பயத்தில் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு அடி வைத்து வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். மைனி அதைப் பார்த்தாள். மேலே நின்றிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். மண்வெட்டியை எறிந்துவிட்டு எங்களைப் பார்த்துக் கீழே ஓடிவந்தாள்.

அவள் பாதி வருவதற்குள் பின்னால் தண்ணீர் வந்துவிட்டது. கரிய தண்ணீர், மண்ணும் கருவேலமுள்ளும் கல்லும் அதோடு உருண்டன. மைனி ஓடிவந்த வேகத்திலேயே எங்கள் இரண்டு பேரையும் தோளில் தள்ளித் தட்டின் வலது ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பாறையோடு ஒட்டினாள். நாங்கள் அதுவரை இருந்த இடத்தில் தடம் இரண்டாகப் பிளந்து இறங்கியது. ஆட்டுக்குட்டி அளவில் ஒரு கல் துள்ளி வந்து மைனியின் இடது பாதத்தில் விழுந்து தண்ணீருக்குள் போனது. அவள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். அந்த நகக் குறி ஒரு வாரம் இருந்தது.

சத்தம் கொஞ்சம் அடங்கியபோது பார்த்தேன். லாரித் தடம் இருந்த இடத்தில் செங்குத்தான ஓர் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் நின்ற தட்டு ஒரு கட்டில் அகலம்தான் மிஞ்சியிருந்தது. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னும் ஒரு விரற்கடை ஏறியது.

மேலே ஆட்கள் கூடிவிட்டார்கள். எங்கள் தலைக்கு நேர் மேலே, தெற்கு விளிம்பில் வந்து நின்று கயிறு கயிறு என்று கத்தினார்கள். ஒருவர் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். அவர் நெஞ்சுக்குக் கீழேயிருந்து மண் பாளம் பாளமாக விழுந்தது.

"தள்ளிப் போங்கலே!" என்று மைனி கத்தினாள். வலியில் குரல் கிழிந்தது. "அங்கன நிக்காதிய! நீங்க நின்னா வெளிம்பு எங்க தலையில விழும்! பம்புக் கட்டைக்குப் போங்க! பம்புக் கட்டைக்கு!"

பம்புக் கட்டை என்றால் வடகரையில் பம்பு இருந்த சிமெண்டு மேடை. கெடங்கைச் சுற்றிலும் அது ஒன்றுதான் பாறைமேல் நிற்பது. அங்கிருந்து தண்ணீர்வரை, குழாயைப் பிடித்துக் கட்டுவதற்காகச் சுவரில் அறைந்த இரும்புக் கம்பிகள் ஏணிப்படி போல நீட்டிக்கொண்டிருந்தன. குழாயைக் கழற்றியவர்கள் கம்பியை விட்டுப் போயிருந்தார்கள். மைனிக்கு அது தெரியும். அந்தக் கம்பிகளைப் பிடித்து அவள் ஏறி இறங்கியிருக்கிறாள். ஆனால் எங்களுக்கும் அதற்கும் நடுவே அறுபது எழுபது அடி தண்ணீர் கிடந்தது.

"எனக்கு நீச்சத் தெரியாது. இவளுக்கும் தெரியாது" என்றாள் மைனி. பிறகு என்னைக் கேட்டாள்: "ஒங்களுக்கு?"

தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆற்றில் நீந்தியிருக்கிறேன், கால் தட்டும் இடத்தில், சித்தி பெண்களோடு, குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு. இது அடி தெரியாத குழி. அதில் ஆடுகள் விழுந்து செத்திருக்கின்றன. போன வருஷம் ஒரு மாடு விழுந்து மூன்றாம் நாள்தான் மிதந்தது.

"டீச்சர்" என்றாள் மைனி. "இவ வயித்தப் பாருங்க."

புடவையைக் கச்சமாகக் கட்டினேன். ஒரு காலிக் குடத்தை வாய் கீழாகக் கவிழ்த்து அடியைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மேல் தண்ணீரின் குளிரில் பல் கிட்டியது. நான்கைந்து உதை உதைத்ததும் பாதத்துக்கு வெதுவெதுவென்று ஏதோ பட்டது. ஏதோ உயிருள்ளது என்று நினைத்து அலறிவிட்டேன். அது அடியில் கிடந்த உப்புத் தண்ணீர். மேலே குளிர்ந்தாலும் கீழே கோடை வெயிலின் சூட்டை அப்படியே வைத்திருந்தது. ஓடை விழுந்த வேகத்தில் அது மேலே கிளம்பத் தொடங்கியிருந்தது. என் வாய்க்குள் போன தண்ணீர் கரித்தது.

கம்பியைப் பிடித்தபோது மேலே ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். கிணறுகள் உப்பான பிறகு உபயோகமில்லாமல் வீடுகளில் கிடந்த கமலை இறைக்கும் தடித்த வடக்கயிறு ஒன்றை இறக்கினார்கள். அதன் நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு தட்டுக்குத் திரும்பினேன். மருமகளுக்குக் கக்கத்தின் கீழ் வடத்தைச் சுற்றிக் கட்டி, இரண்டு கையிலும் இரண்டு குடங்களைக் கவிழ்த்துக் கொடுத்தோம். அவள் மைனியின் கழுத்தை விடவில்லை.

"அத்தை, நீங்களும் வாங்க. நீங்க வராம நான் போவமாட்டேன்."

"போ மூதி!" என்று மைனி அவளை அடித்தாள். நிஜமாகவே கன்னத்தில் அடித்தாள். "கண்ண மூடிக்கோ. கொடத்த விட்டுராத. டீச்சர் பின்னால வருவாவ."

மேலேயிருந்து இழுத்தார்கள். நான் அவள் முதுகைத் தாங்கிக்கொண்டு உதைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அவள் அம்மா அம்மா என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். கம்பியில் கால் வைக்க அவளால் முடியவில்லை. வடத்திலேயே அவளை மெல்ல மெல்லத் தூக்கினார்கள். வயிறு சுவரில் உரசாமல் ஒருவர் கம்பிவழி பாதிவரை இறங்கி வந்து அவளை விலக்கிப் பிடித்தார். மேடையில் பெண்கள் அவளை வாங்கிக்கொண்ட சத்தம் கேட்டது.

அடுத்ததாகச் சொல்லப்போவதை நான் பல வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

வடம் மறுபடி இறங்கி வந்தது. "டீச்சர், நீங்க ஏறிருங்க, வேற ஆளு பாப்போம்" என்று யாரோ மேலேயிருந்து சொன்னார்கள். நீந்தத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை என்று எனக்குத் தெரியும். அது கரிசல் காடு. அவர்களில் ஒருவரும் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவரில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கிக்கொள்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மூச்சு எப்போதோ வந்துவிட்டது. எதிரே தட்டில் மைனிக்கு இடுப்பளவு தண்ணீர். அவள் என்னைக் கூப்பிடவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. பாறையில் கன்னத்தை வைத்து அருவிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கூப்பிட்டிருந்தால் ஒருவேளை மேலே ஏறியிருப்பேன். கூப்பிடாததால் என்னால் ஏற முடியவில்லை.

வடத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு தட்டுக்கு மறுபடி போகும்போது தண்ணீர் சேறாகிவிட்டது. முள்ளும் சருகும் சுழன்றன. பாதி வழியில் புடவைத் தலைப்பு எதிலோ மாட்டி என்னைக் கீழே இழுத்தது. கம்பெனி விட்டுப் போன இரும்பு ஏதாவதாக இருக்கும். கண்ணுக்குள் இருட்டு வந்தது. உதறினேன், தலைப்பு கிழிந்து விடுபட்டேன். தட்டை அடைந்தபோது மைனிக்கு நெஞ்சு மட்டம்.

ஊரையே அதட்டுகிறவள், தண்ணீரைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி, "என்னால ஆவாது டீச்சர், நீங்க போயிருங்க" என்றாள்.

"குடத்தப் பிடி மைனி."

"மூழ்கிருவேன்."

"உப்புத் தண்ணி, மூழ்காது. என்னைப் பாரு. நான் மூழ்கினேனா?"

அவளை ஒருமையில் கூப்பிட்டது பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் குடத்தைப் பிடித்தாள். இழுத்தார்கள். பாதி வழியில் எங்களுக்குப் பின்னால் தென்விளிம்பு விழுந்தது. அலை எங்களைக் கொண்டுபோய் வடகரைப் பாறையில் அடித்தது. எனக்கு முழங்கை பிளந்தது. மைனி குடத்தை விடவில்லை.

விழுந்தது அவளுடைய வீட்டின் பின்சுவர். அடுப்படியும் ஆட்டுக் கொட்டிலும் போய்விட்டன. மேடையில் படுத்துக் கிடந்தபடியே அவள் அதைப் பார்த்தாள். "ஆடு?" என்று மட்டும் கேட்டாள். ஆடுகளை முன்னமே அவிழ்த்து விட்டாயிற்று என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டாள்.

வேம்பாற்றுப் பக்கமிருந்து வந்த ஓர் உப்பு லாரியில் அவளைத் தூத்துக்குடிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடது பாதத்தை எடுத்துவிட வேண்டியதாயிற்று. மருமகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தை மாதம் தாய்வீட்டில் பெண் குழந்தை பிறந்தது.

ஊருக்குத்தான் ஆபத்து அதோடு தீரவில்லை. ஓடை மூன்று நாள் கெடங்குக்குள் கொட்டியது. சேறு தெளிய மூன்று வாரம் ஆயிற்று. தெளிந்த பிறகு வாடகை வீட்டு அம்மாள் ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். உடனே துப்பினாள். அடியில் கிடந்த உப்பு மேலே ஏறிக் கலந்துவிட்டது. மிச்சமிருந்த நல்ல தண்ணீரும் போய்விட்டது. அதன் பிறகு பெண்கள் இரண்டு மைல் நடந்து பக்கத்து ஊர் ஊருணியில் எடுத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் முதல் வாரம் பாவம் என்றார்கள். மூன்றாம் வாரம் ஊருணிக் கரையில் குடத்தை உடைக்கிற அளவுக்குச் சண்டை வந்தது.

மார்கழியில் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். வயது குறைவு, வெயிலில் ஜீப்பில் வந்து களைத்திருந்தார். பள்ளிக்கூடத்து வராந்தாவில் மேஜை போட்டோம். அன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து மைனியை வண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வாக்குமூலம் என்று குமாஸ்தா இரண்டு தாள்களை ஏற்கெனவே எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஒன்று எனக்கு, ஒன்று மைனிக்கு.

தலைமையாசிரியர் மைனியின் தாளை என் கையில் கொடுத்தார். "அவளுக்குப் படிக்கத் தெரியாது. நீங்க வாசிச்சுக் காட்டி ரேகை வாங்கிக் குடுத்துருங்கம்மா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரொம்ப விவரமா வாசிக்கணும்னு இல்ல. நடந்ததத்தான் எழுதியிருக்கு."

நான் முதலில் மனத்துக்குள் படித்தேன். நான்காவது வரியில் நின்றுவிட்டேன். அபாய எச்சரிக்கைப் பலகை வைக்கப்பட்டிருந்தும் அதை மீறித் தன் விருப்பத்தின் பேரில் குவாரிக்குள் இறங்கியதாக எழுதியிருந்தது. என் தாளிலும் அதே வரி.

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் எட்டு மாதம் இருந்தது. அதை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். வீட்டில் என் சம்பளத்தை எதிர்பார்த்துத் தங்கைகள் இருந்தார்கள். மைனி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதியிருந்தபடியே, ஒரு சொல் விடாமல், உரக்க வாசித்தேன்.

"பலகையா?" என்றாள் மைனி. "எங்கன இருந்துச்சு?"

குமாஸ்தா, "முன்னாடி இருந்திருக்கும்" என்றார்.

"நான் பதினெட்டு வயசுல இருந்து அந்தக் கெடங்குல கெடக்கேன். கல்லு தெரியும், கம்பி தெரியும். பலகைய நான் பாக்கல." அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "ஐயா, விருப்பத்தின் பேருலன்னா என்ன? தாகம் எடுத்தா எறங்குனோம். ஓடைய மறிச்சவன் பேரு அந்தத் தாள்ல இருக்கா? இருந்தா ரேகை வைக்கேன்."

அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்க படிச்சவங்க" என்றார்.

"பலகை இல்லை சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "பலகை இல்லை. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

தலைமையாசிரியர் எழுந்து உள்ளே போய்விட்டார். அதிகாரி பேனாவை மூடினார். பிறகு இரண்டு தாளையும் மடித்துப் பைக்குள் வைத்து, "பிறகு பார்க்கலாம்" என்று கிளம்பினார். பிறகு யாரும் வரவில்லை. மாசியில் லாரியில் கல்தூணும் முள்கம்பியும் வந்து கெடங்கைச் சுற்றி வேலி போட்டார்கள். தெற்கு மூலையில் அபாயம் என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகையும் நட்டார்கள். ஓடைக்கரையை யாரும் தொடவில்லை. அதற்கு இன்னும் இரண்டு மழைக்காலம் ஆயிற்று என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

வேலி போட்டதில் ஊருணிக்குப் போகிற குறுக்குப் பாதை அடைபட்டுவிட்டது. சுற்றிப் போனால் முக்கால் மைல் கூடுதல். ஒரே வாரத்தில் யாரோ ஓரிடத்தில் கம்பியை வெட்டி வழி பண்ணிவிட்டார்கள். கடைசி வரிசை வீடுகளில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆறுமுகநேரி உப்பளங்களுக்குப் போய்விட்டார்கள். மைனியின் மகன் அவளைத் தூத்துக்குடிக்குக் கூப்பிட்டான். அவள் போகவில்லை. இருந்த முன்னறையில் அடுப்பை வைத்துக்கொண்டாள்.

சித்திரையில் எனக்கு மாற்றல் வந்தது. நிர்வாகக் காரணம் என்று போட்டிருந்தது. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அம்மா சந்தோஷப்பட்டாள். எனக்கு அப்படி இல்லை. கையெழுத்துப் போடாததால் வருமென்று பயந்தது நடந்துவிட்டது, இனி அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்ற மாதிரி ஒன்று.

கிளம்பும் நாள் காலை மைனியைப் பார்க்கப் போனேன். வீட்டில் இல்லை. வேலியை வெட்டிய இடத்தில், ஒரு கல்லின்மேல் கோணிச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். கக்கத்தில் கவட்டைக் கம்பு. கையில் ஒரு நீளமான கருவேல மிலாறு. அவளைத் தாண்டிப் பெண்கள் குடங்களோடு போய்க்கொண்டிருந்தார்கள். ஓர் ஆடு வேலிச் சந்தில் மூக்கை நுழைத்தது. மிலாற்றால் அதன் முகத்தில் தட்டி விரட்டினாள்.

"இங்கன ஏன் உக்காந்திருக்கே மைனி?"

"வெட்டி விட்டாச்சுல்லா. ஆடு பூந்துரும். பிள்ளைக பூந்துரும்." என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். "பஸ்ஸுக்கா?"

"ஆமா."

அந்தக் குறுக்குப் பாதையில் போனால் பஸ் ரோடு பக்கம். நான் குனிந்து கம்பிக்குள் நுழைந்தேன்.

"வலது பக்கமா ஒட்டிப் போங்க டீச்சர்" என்றாள் பின்னாலிருந்து. "இடது பக்கம் புதுசா வெடிப்பு விட்டிருக்கு."

பார்த்தேன். பாதையிலிருந்து ஒரு முழம் தள்ளி, கரிசல் மண்ணில் ஒரு கோடு கறுப்பாக ஓடியது. எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. எனக்கு முன்னால் போன பெண்கள் பேச்சை நிறுத்தாமல், அந்த இடத்தில் மட்டும் வலது பக்கம் ஒதுங்கி நடந்தார்கள். நானும் ஒதுங்கி நடந்தேன்.